மின்தடை: கரண்ட் போவதா, கரண்டை எதிர்ப்பதா?

விளக்கு அணைந்து மின்விசிறி நின்றால் பாதிப்பேர் 'கரண்ட் போச்சு' என்கிறோம், மீதிப்பேர் 'பவர் கட்' என்கிறோம், செய்தியில் 'மின்தடை' என்று வருகிறது. இயற்பியல் புத்தகத்தில் இவை மூன்றும் வேறு வேறு அளவுகள். கரண்ட் என்றால் மின்னோட்டம், பவர் என்றால் மின்திறன், மின்தடை என்றால் ரெசிஸ்டன்ஸ். ஒரே நிகழ்வுக்கு மூன்று பெயரும் வைத்தாயிற்று, ஆனால் அந்த நேரத்தில் முதலில் காணாமல்போன வோல்டேஜை (மின்னழுத்தத்தை) மட்டும் யாரும் சொல்வதில்லை!

இதில் அதிகம் குழப்புவது மின்தடைதான். ரெசிஸ்டன்ஸுக்கு லத்தீன் வேர் 'ரெசிஸ்தெரே', எதிர்த்து நிற்பது என்று பொருள். தமிழ்ச் சொல் 'தடு' என்ற வினையிலிருந்து வருகிறது. எடு-எடை, உடு-உடை மாதிரி தடு-தடை. இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள்தான், ஆனால் ஒன்றல்ல. எதிர்த்து நிற்பவனைத் தாண்டியும் ஆள் போகலாம். தடை என்று கேட்டதும் நமக்குத் தடை உத்தரவு, தடைசெய்யப்பட்ட பகுதி என்று முழுசாக நிறுத்துவதுதான் நினைவுக்கு வருகிறது. ரெசிஸ்டன்ஸ் அப்படி நிறுத்துவதில்லை, ஓட்டம் நடக்கும், கஷ்டப்பட்டு நடக்கும். 'எதிர்ப்பு' என்றே வைத்திருக்கலாமே என்றால், அதை மாறுதிசை மின்சாரத்தில் வரும் இம்பீடன்ஸுக்கு 'மின்னெதிர்ப்பு' என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆகவே ரெசிஸ்டன்ஸுக்கு மின்தடையே இருக்கட்டும், கரண்ட் போவதற்கு 'மின்வெட்டு', 'மின்நிறுத்தம்' என்று எழுதுங்கள் என்பது என் கட்சி. இலங்கைப் பாடநூல்களில் வெறும் 'தடை' என்றே போட்டுவிடுவார்கள், அங்கே பவருக்கு 'வலு'. திறன் என்றால் திறமை என்றும் தோன்றிவிடுகிறதே, அந்தத் தொல்லை வலுவில் இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

சரி, அளவு எப்படி வருகிறது? 1827-இல் ஜார்ஜ் சைமன் ஓம் என்ற ஜெர்மானியர் தன் புத்தகத்தில் சொன்னது இன்று எல்லாருக்கும் மனப்பாடம்: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இதைச் சூத்திரமாகப் பார்க்காமல் கேள்வியாகப் பார்த்தால் மறக்காது. 1 ஆம்பியரை ஓடவைக்க எத்தனை வோல்ட் கொடுக்க வேண்டும்? 6 வோல்ட் என்றால் தடை 6 ஓம், 100 வோல்ட் என்றால் 100 ஓம், அவ்வளவுதான். அவர் பெயரே அலகாகிவிட்டது. குறியீடு ஒமேகா என்ற கிரேக்க எழுத்து, 'ஓ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் பூஜ்யமா என்று சந்தேகம் வந்துவிடும். தடைக்குத் தலைகீழான மின்கடத்துமைக்கு ஓம் என்பதையே ஆங்கிலத்தில் திருப்பி எழுதி 'மோ' என்று வைத்திருந்தார்கள், பிற்பாடு அது 'சீமென்ஸ்' ஆயிற்று.

மின்திறனுக்குப் பெருக்கல். ஏன் பெருக்கல் என்று பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. 'கூலும்' மின்னூட்டத்தின் அலகு, 'ஜூல்' ஆற்றலின் அலகு. வோல்ட் என்பது ஒரு கூலும் மின்னூட்டம் எத்தனை ஜூல் ஆற்றலைக் கொண்டுவருகிறது என்ற கணக்கு. ஆம்பியர் என்பது ஒரு நொடியில் எத்தனை கூலும் கடக்கிறது என்ற கணக்கு. இரண்டையும் பெருக்கினால் கூலும் அடிபட்டுப்போகிறது, மிஞ்சுவது நொடிக்கு இத்தனை ஜூல், அதாவது வாட்.

கார் முகப்பில் வருகிற மாதிரி இழை பல்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் கொடுக்கிறோம், 2 ஆம்பியர் ஓடுகிறது. தடை 12 ÷ 2 = 6 ஓம், திறன் 12 × 2 = 24 வாட். இப்போது பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி அளந்தால் 6 வராது. அரை ஓமோ அதையொட்டியோ காட்டும். மீட்டர் கெட்டுப்போச்சு என்று நினைக்க வேண்டாம். டங்ஸ்டன் இழை எரியும்போது இரண்டாயிரம் டிகிரிக்கும் மேலே சூடாகிறது, சூடு ஏற ஏறத் தடையும் ஏறுகிறது, மீட்டர் அனுப்பும் துளி மின்னோட்டம் இழையைச் சூடாக்காது. எரிகிற பல்பின் தடை வேண்டுமானால் வகுத்தல்தான் வழி. (மின்சாரம் ஓடும்போது ஓம் பக்கத்தில் வைத்து அளக்காதீர்கள், மீட்டர் போய்விடலாம்.) பல்பு போடுகிற அந்தக் கணத்தில் இழை குளிர்ந்திருப்பதால் பாய்கிற ஓட்டமும் ரொம்ப அதிகம். பல பல்புகள் சுவிட்சைத் தட்டும்போதே போவது இதனால்தான்.

தடை கூடினால் சூடு கூடுமா குறையுமா என்ற பழைய சண்டையையும் இங்கேயே முடித்துவிடலாம். இரண்டு பேர் சொல்வதும் சரி. வோல்டேஜ் மாறாமல் இருந்தால், தடையைப் பாதியாக்கினால் ஓட்டம் இரட்டிப்பாகும், திறனும் இரட்டிப்பாகும். ஓட்டம் மாறாமல் இருந்தால், தடை கூடக்கூடத் திறன் கூடும். இரண்டாவதுதான் தளர்ந்துபோன வயர் இணைப்பு கருகுகிற கதை: சுற்றில் ஓடும் ஓட்டத்தை அங்கே இருக்கும் சின்னத் தடை பெரிதாக மாற்றிவிடாது, ஆனால் அந்த ஒரே புள்ளியில் வெப்பம் குவிகிறது. எது மாறாமல் இருக்கிறது என்று கேட்காமல் சண்டை போட்டால் விடியாது.

அப்புறம் ஒரு எழுத்துப் பிழை. ரெசிஸ்டர் என்ற பாகத்துக்கு 'மின்தடையம்' அல்லது 'மின்தடையாக்கி', இலங்கையில் 'தடையி'. இதைப் பலர் 'மின்தடயம்' என்று தட்டச்சு செய்கிறார்கள். தடயம் போலீஸ் தேடுவது. சர்க்யூட்டில் இருப்பது தடை + அம், தடையம்.