மிஷின்ல ஜீரோ காட்டினாலும் கேஸ் உண்டு: கஞ்சா அடிச்சிட்டு வண்டி ஓட்டினா சட்டம் என்ன சொல்லுது

நீடாமங்கலத்துல ரயில்வே கேட் போட்டா என்ன ஆகும்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, லாரி பஸ் பைக்னு வரிசை நீண்டுக்கிட்டே போகும். போன அறுவடை சமயத்துல அப்படி நிக்கிறப்ப பக்கத்துல நின்ன நெல்லு லாரியிலேர்ந்து ஒரு வாடை வந்துச்சு, பீடி வாடை இல்ல. ஸ்டியரிங்ல உக்காந்திருந்தவர்தான் இழுத்துக்கிட்டு இருந்தார். எங்க வண்டி ஓட்டுற தம்பி அதைப் பாத்துட்டு சாதாரணமா சொன்னான், "அண்ணே, தண்ணி போட்டாத்தான் கேஸு, இதுக்கு ஊதச் சொன்னா மிஷின்ல ஜீரோதாண்ணே காட்டும்."

மிஷின்ல ஜீரோ காட்டும்கிறது உண்மை. கேஸ் கிடையாதுங்கிறது சுத்தத் தப்பு. நான் ரெண்டு குட்டியானை வச்சு ஓட்டுறவன், என் வண்டியில என்ன நடந்தாலும் என் தலையிலயும் வந்து விழும்ங்கிற பயத்துல தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட உக்காந்து பிரிவு பிரிவா கேட்டுக்கிட்டேன், அதைத்தான் இங்க எழுதுறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, அதுல 185வது பிரிவு. இந்த ஒரே பிரிவுக்குள்ள ரெண்டு குத்தம் இருக்கு. ஒண்ணு தண்ணி, அதுக்கு அளவு போட்டிருக்கு, 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா குத்தம். ரெண்டாவது போதைப்பொருள், அதுக்கு அளவே கிடையாது. வண்டியைச் சரியா கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு போதையில இருந்தா குத்தம், அவ்ளோதான் வாசகம். அளவு இல்லைன்னா தப்பிச்சுக்கலாம்னு சிலர் நினைக்கிறாங்க, ஆனா அது ரெண்டு பக்கமும் வெட்டும், "நான் கொஞ்சம்தான் இழுத்தேன், லிமிட்டுக்குள்ளதான் இருக்கேன்"னு சொல்ல இங்க ஒரு லிமிட்டே இல்லையே. 2019 திருத்தத்துல இன்னும் தெளிவாக்கிட்டாங்க, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல வர்ற எல்லாமே இந்தப் பிரிவுலயும் அடங்கும்னு. கஞ்சா அதுல இருக்கு, சில தூக்க மாத்திரைகளும் இருக்கு, அதனால டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைதானேன்னு முழுங்கிட்டு நைட் லோடு ஏத்திக்கிட்டு கிளம்புறவங்களும் இதைக் கவனிக்கணும்.

தண்டனை ரெண்டுக்கும் ஒண்ணுதான். முதல் தடவை 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா 10,000 ரூபா அபராதம், இல்லைன்னா ரெண்டும். மறுபடி மாட்டினா 2 வருசம் வரைக்கும், 15,000 ரூபா. ஹெல்மெட் கேஸ் மாதிரி ரோட்டுலயே ஃபைன் கட்டிட்டுப் போற விஷயம் இல்ல, கோர்ட்டுக்குப் போகணும். குத்தம் உறுதியாச்சுன்னா குறைஞ்சது 6 மாசத்துக்கு லைசென்ஸைத் தடை பண்ணணும்னு 20வது பிரிவு சொல்லுது. வண்டி ஓட்டித்தான் சோறு திங்கிறவனுக்கு அபராதத்தை விட இதுதான் பெரிய அடி, குறுவை அறுவடையும் சம்பா அறுவடையும் சேத்து வர்ற லோடுதான் வருசத்துக்கே வருமானம், அதுல 6 மாசம் போச்சுன்னா என்ன மிச்சம்?

சரி, மிஷின்ல தெரியாததை எப்படி நிரூபிப்பாங்க? 202வது பிரிவுல வாரண்ட் இல்லாமலே கைது பண்ணலாம், ஆனா கைது பண்ணின 2 மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டியாகணும், காட்டலைன்னா விட்டுரணும். இந்த 2 மணி நேரம் ஓட்டுறவருக்குச் சட்டம் கொடுத்திருக்கிற பாதுகாப்பு, மறந்துராதீங்க. டாக்டர் கண்ணைப் பாப்பார், நடையைப் பாப்பார், பேச்சு எப்படி இருக்குன்னு எழுதுவார், ரத்தமோ சிறுநீரோ எடுக்கலாம். புதுசா வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா 2024 ஜூலை 1லேர்ந்து இருக்கிறது, அதுல 51வது பிரிவு இதுக்கு இடம் கொடுக்குது. பெண்களா இருந்தா பெண் டாக்டர்தான் பரிசோதிக்கணும், இல்ல அவங்க மேற்பார்வையில நடக்கணும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, நேர்மையா சொல்லணும். தண்ணி மாதிரி கஞ்சா ஒரே கணக்குல ரத்தத்துலேர்ந்து இறங்காது. போதை கொடுக்கிற டிஎச்சிங்கிற பொருள் இழுத்த கொஞ்ச நேரத்துலயே ரத்தத்துல உச்சத்துக்குப் போயி வேகமா இறங்கிரும், ஆனா தடுமாற்றம் அதுக்கப்புறமும் மணிக்கணக்கா இருக்கும். அதே சமயம் அது சிதைஞ்சு வர்ற கழிவு, தினமும் அடிக்கிறவங்க சிறுநீர்ல நாள் கணக்கா, ஏன் வாரக் கணக்கா கூட தெரியும். அதனால சிறுநீர்ல பாசிட்டிவ்னா மட்டும் அந்த நிமிஷம் போதையிலதான் ஓட்டினார்னு ஆகிராது, எப்பவோ அடிச்சதா கூட இருக்கலாம். வண்டியைக் கட்டுப்படுத்த முடியாம இருந்தாரான்னு காட்ட டாக்டர் எழுதுறதும், வண்டி எப்படிப் போச்சுன்னு பாத்தவங்க சொல்றதும் முக்கியம். இங்கிலாந்துல இதுக்கு 2015லேயே ரத்த அளவு வச்சுட்டாங்க, ஒரு லிட்டர் ரத்தத்துல 2 மைக்ரோகிராம் டிஎச்சி. நம்ம சட்டத்துல அப்படி நம்பர் இல்ல.

இப்ப அந்தத் தடுமாற்றம் என்னன்னு பாப்போம், ஏன்னா "அண்ணே நான் அடிச்சா மெதுவாத்தாண்ணே ஓட்டுவேன்"னு எல்லாரும் சொல்றாங்க. மெதுவா ஓட்டுறது நிஜம்தான், ஆராய்ச்சிகள்லயும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கு. ஆனா திடீர்னு ஒண்ணு குறுக்க வந்தா மூளை அதைப் பாத்து கால் பிரேக்குக்குப் போற நேரம் கூடிருது. 60ல போற வண்டி ஒரு செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல ஓடும், அரை செகண்டு தாமதம்னா 8 மீட்டர், அதாவது ஒரு குட்டியானை நீளத்தைப் போல ரெண்டு மடங்கு. வண்டி நேர்கோட்டுல நிக்காது, இப்படியும் அப்படியும் லேசா ஆடும். தூரமும் நேரமும் தப்பாத் தெரியும். ஒரே சமயத்துல ரெண்டு மூணு விஷயத்துல கண்ணு வைக்க முடியாது.

இதை நம்ம ரோட்டுல வச்சுப் பாருங்க. வெண்ணாத்துக் கரை மேல போற ரோடு, ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் பள்ளத்துல வயலு, தடுப்புச் சுவரும் கிடையாது. பாதி ரோட்டுல நெல்லு காயுது, ஓரமா கல்லு வச்சிருப்பாங்க, வைக்கோல் கிடக்கும், எதிர்ல கதிர் அறுக்கிற மிஷின் ரோட்டையே அடைச்சுக்கிட்டு வரும், நடுவுல நெல்லைத் தள்ளிக்கிட்டு ஒரு அம்மா நிக்கும். ஆவணியில வேளாங்கண்ணிக்கு நடந்து போற கூட்டம் ராத்திரி முழுக்க ரோட்டோரம்தான். இந்த ரோட்டுல லேசா ஒரு பக்கம் இழுத்தாலும் ஒண்ணு ஆறு, இல்ல ஆளு. தெளிவா இருக்கிறவனுக்கே மூச்சு முட்டுற ரோடு இது.

புகையா இழுத்தா 3, 4 மணி நேரம், சிலருக்கு அதுக்கு மேலயும் பாதிப்பு இருக்கும். சாப்பிடுற மாதிரி உருண்டையிலயோ பால்லயோ கலந்திருந்தா ஏறவே அரை மணிலேர்ந்து 2 மணி நேரம் ஆகும், இறங்க 6, 8 மணி நேரம் ஆகலாம், அதனால ஒண்ணும் ஆகலையேன்னு வண்டியை எடுத்து பாதி வழியில ஏறும். கூட தண்ணியும் சேந்தா ரெண்டும் தனித்தனியா பண்றதை விட மோசம். டீ குடிச்சா, மோர் குடிச்சா, முகம் கழுவினா தெளிஞ்சுரும்னு நம்பாதீங்க.

வண்டி ஓனருங்க இதைக் கொஞ்சம் நின்னு படிங்க. 188வது பிரிவுப்படி 185 குத்தத்துக்குத் தூண்டுதலா, உடந்தையா இருந்தா அதே தண்டனை. டிரைவர் போதையில இருக்கான்னு தெரிஞ்சே "போயிட்டு வாடா, கொள்முதல் நிலையத்துல லைன் போயிரும்"னு சாவியைக் கொடுத்தா அது உங்களையும் தொடும். 2022ல சென்னை டிராஃபிக் போலீஸ் இதே பிரிவை வச்சுத்தான் குடிச்சவன் வண்டியில பின்னாடி உக்காந்து போறவங்க மேலயும் கேஸ் போடுவோம்னு சொன்னாங்க. 18 வயசு ஆகாத பையன்கிட்ட வண்டியைக் கொடுத்து அவன் குத்தம் பண்ணினா 199ஏ பிரிவு, அப்பாவோ ஓனரோ 3 வருசம் வரைக்கும் ஜெயில், கூட 25,000 அபராதம், வண்டி பதிவு 12 மாசத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது.

இன்சூரன்ஸ் அடுத்தது. போதையில ஓட்டக்கூடாதுங்கிற நிபந்தனையை மீறினதைக் காரணம் காட்டி கம்பெனி பொறுப்பை மறுக்கலாம்னு 2019 திருத்தத்துக்கு அப்புறம் 150வது பிரிவுலயே எழுதியிருக்கு. அடிபட்டவங்களுக்கு முதல்ல கம்பெனி கொடுக்கட்டும், அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு கோர்ட் உத்தரவு போடுறது உண்டு. அந்த வசூல் வந்தா நிலத்தை வித்துத்தான் கட்டணும். ஆளு செத்துட்டா பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம், அதோட 106வது பிரிவுல 5 வருசம் வரைக்கும் போகும், அது டிரைவர் மேல.

வண்டியில கஞ்சா பொட்டலம் இருந்தா அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல தனிக் கேஸ். ஒரு கிலோவுக்குள்ள இருந்தா கேஸ் இல்லைன்னு ஒரு பேச்சு சுத்துது, அது பொய். ஒரு கிலோ வரைக்கும் சிறு அளவுன்னு பேரு, அதுக்கே ஒரு வருசம் வரைக்கும் ஜெயில், 10,000 வரைக்கும் அபராதம். அடிச்சதுக்கு மட்டும் 27வது பிரிவுல 6 மாசம் வரைக்கும். 20 கிலோவைத் தாண்டினா குறைஞ்சதே 10 வருசம். அந்தச் சட்டத்தோட 60வது பிரிவுல கடத்தின வண்டியையே பறிமுதல் பண்ணலாம், எனக்குத் தெரியாதுன்னு ஓனர் சொன்னா மட்டும் பத்தாது, வண்டியை வச்சிருந்தவனுக்கும் தெரியாது, எல்லாரும் ஜாக்கிரதையா இருந்தோம்னு நிரூபிக்கணும். டிரைவருக்குத் தெரிஞ்சிருந்தா வண்டி போச்சு. இதைக் கேட்ட அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரல, ரெண்டு வண்டியும் கடன்ல வாங்கினது.

ஒரு நல்ல விஷயத்தையும் சொல்லணும், பல பேருக்குத் தெரியவே இல்ல. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு. அடிமையானவர் மேல அடிச்சதுக்கோ சிறு அளவு வச்சிருந்ததுக்கோ கேஸ் இருந்து, அவரா முன்வந்து அரசு ஆஸ்பத்திரியிலயோ அரசு அங்கீகரிச்ச மையத்துலயோ சிகிச்சை எடுத்தா அந்தக் கேஸ்லேர்ந்து விலக்கு உண்டு. பாதியில விட்டுட்டு ஓடினா விலக்கைத் திரும்ப எடுத்துக்கலாம். வண்டி ஓட்டின 185 கேஸுக்கு இது செல்லாது, அது வேற சட்டம். 14446க்கு போன் பண்ணினா காசு இல்லாம ஆலோசனை கிடைக்கும், நம்ம பக்கத்துல தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுக்குப் போகலாம். விக்கிறவனைப் பத்திச் சொல்லணும்னா 10581.

நீடாமங்கலத்துல அப்படிச் சொன்ன தம்பிகிட்ட இதையெல்லாம் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசல, அப்புறம் அவங்க சித்தப்பா பையனை அட்மிட் பண்ண என்ன கொண்டு போகணும்ணேன்னு கேட்டான். ஆதார் எடுத்துக்க, கூட வீட்டு ஆளு ஒருத்தர் போங்க, ஓ.பி. சீட்டுலேர்ந்து டிஸ்சார்ஜ் வரைக்கும் ஒரு காகிதத்தையும் தொலைச்சுராத, 64ஏ கேக்கிறப்ப சிகிச்சை எடுத்ததுக்கு அதுதான் ஆதாரம்னு சொல்லி அனுப்பினேன்.