கோர்ட் உத்தரவு வந்தும் துப்பாக்கி வீட்டில்தான் இருக்கிறதா? கலிபோர்னியாவில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

கணவனோ காதலனோ அடிக்கிறான், மிரட்டுகிறான் என்று கலிபோர்னியாவில் ஒரு பெண் தடை உத்தரவு வாங்கினால், அவனிடம் இருக்கும் துப்பாக்கியும் தோட்டாக்களும் அவன் கையை விட்டுப் போக வேண்டும். போலீஸ் கேட்டால் அந்த இடத்திலேயே கொடுக்க வேண்டும். கேட்காவிட்டாலும் உத்தரவு கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸிடமோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து, 48 மணி நேரத்துக்குள் ரசீதைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். சட்டம் இவ்வளவு தெளிவு. ஆனால் உத்தரவு ஃபைலிலும் துப்பாக்கி அலமாரியிலும் கிடக்க, நடுவில் பெண்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

"துப்பாக்கியை வாங்கி வைக்க இடமில்லை, ஆளில்லை" என்று போலீஸ் சொல்லும் பேச்சை இனி ஏற்க வேண்டியதில்லை. 2022-இல் அமெரிக்க நாடாளுமன்றம் மாநிலங்களின் நெருக்கடித் தலையீட்டுத் திட்டங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 75 கோடி டாலர் ஒதுக்கியது. ஒப்படைத்த துப்பாக்கிகளைப் பத்திரமாக வைப்பது, கணக்கு வைப்பது, உரிய நேரத்தில் திருப்பித் தருவது ஆகியவற்றுக்கும் காவல் துறைகள் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கலாம். அதே ஆண்டு கலிபோர்னியா பட்ஜெட்டிலும், கோர்ட் வழியாகத் துப்பாக்கிகளை ஒப்படைக்க வைக்கும் வேலைக்கென்றே 4 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

இந்தப் பணம் அரசு அமைப்புகளுக்குத்தான். தனி ஆள் யாரும் விண்ணப்பிக்க முடியாது. வாங்கித் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் ஊர் போலீஸோ கோர்ட்டோ இதைக் கேட்டு வாங்கியதா என்று கவுன்டி (மாவட்டம் மாதிரி) மேற்பார்வையாளர் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

இனி சிக்கல்கள். ஒப்படைக்கப் போனால் ஒரு ஸ்டேஷனில் முன்பதிவு வேண்டும் என்பார்கள், இன்னொன்றில் ஷெரிஃபிடம் (கவுன்டி போலீஸ் தலைவரிடம்) போ என்பார்கள். இந்த அலைச்சலையே அவன் சாக்காக வைத்துக்கொள்வான். "வைப்புக் கட்டணம் கேட்கிறார்கள்" என்பது அடுத்த சாக்கு. போலீஸ் கட்டணம் வாங்கலாம், ஆனால் உண்மையில் ஆகும் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது. அதைக் கட்ட வேண்டியவன் அவன், நீங்கள் இல்லை. "தம்பி வீட்டில் கொடுத்துவிட்டேன்" என்றால் அது ஒப்படைத்த கணக்கில் வராது.

ரசீது வந்ததா என்று உங்களுக்கு யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே கோர்ட் கிளார்க்கிடம் போய், ஒப்படைத்த ரசீதுக்கான டி.வி.800 (DV-800) படிவம் தாக்கலாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விசாரணை நாளில் நீதிபதியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவன் துப்பாக்கியை ஒப்படைத்தானா என்று பார்ப்பது நீதிபதியின் கடமை. மீறியிருந்தால் போலீஸுக்கும் அரசு வழக்கறிஞருக்கும் கோர்ட் தெரிவிக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது மனுவிலேயே. தடை உத்தரவு கேட்கும் மனுவான டி.வி.100 படிவத்தில் துப்பாக்கி பற்றிய கேள்வியைக் காலியாக விடாதீர்கள். எத்தனை, எந்த மாதிரி, வீட்டில் எங்கே என்று தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள். பதிவான துப்பாக்கிகளைக் கோர்ட் தேடிப் பார்க்கும். ஆனால் வேறு மாநிலத்தில் வாங்கியதோ உதிரிபாகம் வாங்கி வீட்டிலேயே பொருத்திச் செய்ததோ அந்தப் பதிவில் இல்லாமல் போகலாம். அங்கே உங்கள் வார்த்தைதான் ஆதாரம். அதற்காக நீங்களே துப்பாக்கியை எடுத்து ஒளித்து வைக்கவோ காரில் போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டு போகவோ வேண்டாம். இருக்கும் இடத்தைப் போலீஸிடம் சொன்னால் போதும்.

அப்புறம், 24 மணி நேரக் கணக்கு அவன் கையில் உத்தரவு சேர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். ஷெரிஃப் இலவசமாகவே கொண்டுபோய்க் கொடுப்பார், மனுவுக்கும் கட்டணம் கிடையாது. விசாரணைக்கு முன் சேரவில்லையென்றால் டி.வி.115 கொடுத்துத் தேதியைத் தள்ளி வாங்குங்கள். விசாரணைக்குப் போகாமல் இருந்துவிட்டால், அதுவரைக்கும் கிடைத்த தற்காலிக உத்தரவும் கைவிட்டுப் போகும். விசா பயத்தில் தயங்குபவர்களுக்கு ஒன்று: தடை உத்தரவு கேட்க விசா தகுதி எதுவும் தேவையில்லை.

அமெரிக்க மத்திய அரசின் துப்பாக்கித் தடைச் சட்டம் காப்பாற்றும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். தற்காலிக உத்தரவுக்கும், சேர்ந்து வாழாத காதலனுக்கும் அது பொதுவாகப் பொருந்தாது. மாநிலச் சட்டம் பொருந்தும். "துப்பாக்கி என் அரசியலமைப்பு உரிமை" என்று அவன் வாதாடினால், இத்தகைய தடை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் 8-க்கு 1 என்று தீர்ப்பளித்துவிட்டது.

விசாரணைக்குப் பின் கிடைக்கும் உத்தரவு அதிகபட்சம் 5 ஆண்டு. அது முடிந்தால் மாநில நீதித் துறையின் அனுமதி வாங்கி அவன் துப்பாக்கியைத் திரும்பக் கேட்கலாம். அதனால் காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கடைசி மூன்று மாதத்துக்குள் டி.வி.700 கொடுத்துப் புதுப்பிக்கலாம். புதிதாக அடி வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அப்படி நிபந்தனை உண்டு என்று யாராவது கோர்ட் கவுன்டரில் சொன்னால், எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள்.