நின்றால் மட்டும் கொதிக்கும் மஸில் கார்: ரேடியேட்டர் வாங்கும் முன்

1969 கமரோ, 1970 செவெல், போன்டியாக் ஜிடிஓ என்று பழைய அமெரிக்க வி8 வண்டிகள் பட்டறைக்கு வரும்போது அடிக்கடி கேட்கும் புகார் இது. ஹைவேயில் முள் 190 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அசையாமல் நிற்கும். சிக்னலில் கொஞ்ச நேரம் நின்றால் 230-ஐத் தாண்டும். அதற்குள் பெரும்பாலும் புது அலுமினிய ரேடியேட்டர் ஒன்று மாட்டியாகியிருக்கும். ஓடும்போது ஒழுங்காக வேலை செய்யும் ரேடியேட்டர், நிற்கும்போது மட்டும் ஏன் கெடப்போகிறது?

ஓடும் வண்டிக்குக் காற்று தானாக வந்து மோதும். நிற்கும் வண்டிக்கு ஃபேன் இழுப்பதுதான் காற்று. அதனால் முதலில் ஷ்ரவுட், அதாவது ஃபேனைச் சுற்றியிருக்கும் காற்றுக்கூடு, இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் மாற்றிய யாரோ கழற்றி ஓரமாகப் போட்டிருப்பார்கள். இருந்தால், ஃபேன் இறக்கை அதற்குள் பாதி உள்ளே பாதி வெளியே இருக்க வேண்டும். அதிகம் விலகினால் அதே சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். அடுத்து ஃபேன் கிளட்ச், சூட்டுக்கேற்ப ஃபேனை எஞ்சினோடு இறுக்கிப் பிடிக்கும் பாகம். எஞ்சின் நன்றாகச் சூடானதும் சாவியை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுழற்றுங்கள். கையை எடுத்ததும் இறுக்கமாகத் தடுத்து நின்றால் சரி. லேசாகப் பல சுற்று ஓடினால் கிளட்ச் போய்விட்டது. நடுவிலிருந்து எண்ணெய்க் கோடு தெறித்திருந்தால் சோதனையே வேண்டாம், மாற்றிவிடலாம்.

இதெல்லாம் சரியென்றால் டைமிங், அதாவது ஸ்பார்க் அடிக்கும் நேரம். பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான். ஐடிலிங்கில் சிலிண்டருக்குள் கலவை அடர்த்தி குறைவாக இருக்கும், மெதுவாக எரியும். ஸ்பார்க் தாமதமானால் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சூட்டில் ஒரு பகுதி ஹெட்டின் எக்ஸாஸ்ட் போர்ட் வழியே கூலன்ட்டுக்குத்தான் போகும். எஞ்சினின் உறிஞ்சலை வைத்து ஸ்பார்க்கை முன்னேற்றும் வாக்குவம் அட்வான்ஸின் குழாய், கார்புரேட்டரில் த்ராட்டிலுக்கு மேலே இருக்கும் போர்ட்டட் வாயில் மாட்டியிருந்தால், ஐடிலிங்கில் அதற்கு இழுப்பே கிடைக்காது. ஐடிலிங்கிலும் இழுப்பு இருக்கும் மேனிஃபோல்டு வாக்குவத்துக்கு மாற்றிப் பாருங்கள். டைமிங் 10 டிகிரி அளவுக்கு முன்னேறும், ஆர்பிஎம் ஏறும் (ஐடில் ஸ்க்ரூவைத் திருப்பிக் குறைத்துக்கொள்ளுங்கள்), முள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். இது குறுக்கு வழியல்ல. புகைக்கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகு 60களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் தயாரிப்பாளர்களே பல வண்டிகளில் வெப்ப வால்வு ஒன்றை வைத்தார்கள். கூலன்ட் அதிகம் சூடேறினால் அது மேனிஃபோல்டு வாக்குவத்துக்கு மாற்றிவிடும். பெரிய கேம் போட்ட எஞ்சினில் வாக்குவம் குறைவு. அந்தக் குறைந்த இழுப்பிலும் வேலை செய்யும் வாக்குவம் அட்வான்ஸ் கேனிஸ்டர் (டப்பா) வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: கிராங்க் முனையில் டைமிங் குறி பொறித்த பழைய பாலன்சரின் ரப்பர் நழுவினால் வெளி வளையம் நகர்ந்து டைமிங் குறியே பொய் சொல்லும். சந்தேகம் வந்தால் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் கருவி) வைத்து பிஸ்டனின் உச்சப் புள்ளியைச் சரிபார்க்காமல் டைமிங் லைட்டை நம்பாதீர்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதில் எனக்கு உடன்பாடில்லை. அது எஞ்சின் எவ்வளவுக்குக் கீழே குளிரக்கூடாது என்பதைத்தான் தீர்மானிக்கிறது. ரேடியேட்டரில் 15 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியும், தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட்டும் இருந்தால் 265 டிகிரி வரை கொதிக்காது. 210-ஐப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் சூடான நிலையில் அந்த மூடியில் கை வைக்காதீர்கள், அழுத்தம் விட்டதும் கொதிநீர் முகத்துக்கே பீய்ச்சும்.

இத்தனைக்குப் பிறகும் சூடேறினால், அல்லது ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடி ஸ்டார்ட் செய்ததும் கூலன்ட்டில் விடாமல் குமிழி வந்தால், ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.