விளம்பரம் வந்ததும் கிரிப்டோ டோக்கன் விலை ஏறுவது எப்படி?

புதிய டோக்கன்கள், அதாவது பிளாக்செயினில் உருவாக்கி விற்கப்படும் டிஜிட்டல் நாணயங்கள், பெரும்பாலும் யூனிஸ்வாப் போன்ற, நடுவில் நிறுவனம் இல்லாமல் நிரலே நடத்தும் பரவலாக்கப்பட்ட சந்தைகளில்தான் முதலில் தலைகாட்டும். அங்கே வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே ஒரு குளம் இருக்கிறது. லிக்விடிட்டி பூல் என்பார்கள். ஒரு பக்கம் டோக்கன், மறுபக்கம் டாலருக்கு நிகரான நாணயம். இரண்டின் அளவையும் பெருக்கினால் வரும் தொகை மாறக்கூடாது. எளிய வகைக் குளத்தின் விதி அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு, டோக்கனை உருவாக்கிய திட்டக்காரர் 10 லட்சம் டோக்கனையும் 10,000 டாலரையும் குளத்தில் போடுகிறார். இன்னொரு 5 லட்சம் டோக்கன் அவர் வாலட்டிலேயே (டிஜிட்டல் பணப்பையிலேயே) இருக்கிறது. குளத்தின் டாலரை டோக்கன் எண்ணிக்கையால் வகுத்தால் விலை 1 சென்ட். இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைப் பார்த்தவர்கள் எல்லாருமாக 10,000 டாலருக்கு வாங்குகிறார்கள். குளத்தில் டாலர் 20,000 ஆகிவிட்டதால் டோக்கன் 5 லட்சமாகக் குறைந்தே ஆக வேண்டும். விலை 4 சென்ட். வாங்கியவர்கள் சராசரியாகக் கொடுத்தது 2 சென்ட்தான். எனவே போட்ட பணம் இரட்டித்ததாகத் திரை காட்டும். அந்த ஸ்கிரீன்ஷாட் அடுத்த விளம்பரம், அதுவும் காசில்லாமல்.

இப்போது திட்டக்காரர் தன் 5 லட்சத்தையும் விற்கிறார். 10,000 டாலர் அவர் கைக்குப் போகிறது. விலை மறுபடி 1 சென்ட். மற்றவர்கள் அத்தனை பேரும் விற்றாலும் மொத்தமாகத் தேறுவது சுமார் 3,333 டாலர். (0.3 சதவீதம் போன்ற கட்டணங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

இதே 10,000 டாலர், 10 லட்சம் டாலர் கிடக்கும் குளத்தில் விழுந்திருந்தால் விலை 2 சதவீதம்தான் நகர்ந்திருக்கும். விளம்பரத்தில் பளபளக்கும் மார்க்கெட் கேப்பை (எல்லா டோக்கனையும் இன்றைய விலையால் பெருக்கிய தொகையை) விட்டுவிட்டுக் குளத்தின் ஆழத்தைப் பாருங்கள். மேலே சொன்ன உச்சத்தில் மார்க்கெட் கேப் 60,000 டாலர். குளத்தில் இருந்ததோ 20,000.

விளம்பரம் செய்பவருக்கும் விதிகள் உண்டு. 2021 ஜூனில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் எத்தீரியம்மேக்ஸ் டோக்கனைப் பற்றி இன்ஸ்டாகிராமில் பதிவிட்டார். அது விளம்பரம் என்ற ஹேஷ்டேக் இருந்தது. அதற்குக் கூலியாக வாங்கிய 2,50,000 டாலரைப் பற்றிப் பேச்சில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு அது போதவில்லை. 2022 அக்டோபரில் 12.6 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார். இந்தியாவில் விளம்பரத் தர மன்றத்தின் நெறிமுறைப்படி 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விளம்பரங்களில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். அசையாப் படமென்றால் ஐந்தில் ஒரு பங்கு இடம் அதற்கு.

வாங்கும் முன், பரிவர்த்தனைகளை எல்லாரும் பார்க்கக்கூடிய பிளாக் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் வைத்திருப்போர் பட்டியலைத் திறந்து, யாரிடமாவது டோக்கன் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். சில டோக்கன்களை இயக்கும் ஒப்பந்தங்கள் (நிரல்கள்) வாங்க விடும், விற்க விடாது. விற்பனைகள் பல வாலட்டுகளிலிருந்து நடந்திருக்கின்றனவா என்பதும் அங்கேயே தெரியும். இன்று விற்க முடிந்தாலும், விற்பனையை நிறுத்தும் உரிமை ஒப்பந்தத்தின் சொந்தக்காரரிடம் இன்னும் இருக்கலாம்.