‘நியாயமான தங்குமிடம்’ எந்தத் தெருவில் இருக்கிறது?

ராமேஸ்வரத்தில் ‘அக்காமடேஷன்’ என்ற சொல்லுக்கு யாரும் அகராதி புரட்ட வேண்டியதில்லை. அக்னி தீர்த்தத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் திரும்பிய பக்கமெல்லாம் பலகையில் இருப்பது அதுதான். ரயிலை விட்டு இறங்கும் வடநாட்டு யாத்ரீகரிடம் ஆட்டோக்காரர் முதலில் கேட்பதும் அதைத்தான். ஏசியா, நான் ஏசியா, வெந்நீர் வருமா, வாடகை என்ன. அப்படியிருக்க, மாற்றுத்திறனாளி மாணவர்களின் உரிமைகளைப் பற்றி ஆசிரியர்களுக்குக் கொடுத்த பயிற்சிக் கையேடு ஒன்றில் “ஒவ்வொரு பள்ளியும் மாணவருக்கு நியாயமான தங்குமிடம் வழங்க வேண்டும்” என்று அச்சாகியிருந்தால் என்ன ஆகும்? “ஹாஸ்டல் கட்டச் சொல்றாங்களா சார்?” என்று மண்டபம் பக்கத்து ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை.

ஆங்கிலத்தில் இருந்தது ‘ரீசனபிள் அக்காமடேஷன்’. ஒருவரின் தேவைக்குத் தகுந்தபடி மாற்றிச் செய்து தருவது என்று அதற்குப் பொருள். இதைத் ‘தங்குமிடம்’ ஆக்கி நான் பார்ப்பது இது முதல் தடவை அல்ல. துண்டறிக்கையில் பார்த்திருக்கிறேன், கருத்தரங்கப் பதாகையில் பார்த்திருக்கிறேன். கணினி மொழிபெயர்த்துக் கொடுத்ததை யாரும் ஒரு முறைகூட வாய்விட்டுப் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பது தெளிவு. சிரித்துவிட்டு விட்டுவிடலாம்தான். ஆனால் இந்தச் சொல் இல்லாமல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பாதி விளங்காது.

வேர்க்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘மோடுஸ்’ என்றால் அளவு. ‘கொம்மொடுஸ்’ என்றால் அளவுக்குப் பொருந்தியது, தோதானது. அதிலிருந்து வந்த வினைக்குப் பொருந்தச் செய்தல் என்று பொருள். அறை எடுத்துத் தங்குவதெல்லாம் பிற்காலத்தில் முளைத்த கிளைப்பொருள். சட்டச் சொல்லாக இது அமெரிக்காவில் 1972 வாக்கில் தொழிலாளரின் மத வழிபாட்டு நாட்களையொட்டி வந்தது. பிறகு ஊனத்தோடு சேர்ந்து 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் நிலைத்தது. 2006இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைக்குள் போனது. அதில் 2007இல் இந்தியா சேர்ந்துகொள்ள, நம் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வழியாக இங்கே வந்து இறங்கியது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில்.

சட்டம் சொல்வதை என் வார்த்தையில் சொன்னால் இது: மற்றவர்களைப்போல ஒருவர் தன் உரிமையை அனுபவிக்க, அவருடைய நிலைக்குத் தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்து தருவது, செய்து தருபவர் மேல் மிதமிஞ்சிய சுமை விழாத வரையில். பள்ளிக்கூடத்துக்கு இதன் உதாரணங்களைப் பதினேழாம் பிரிவு தானே எடுத்துக் கொடுக்கிறது. தேர்வில் அதிக நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகை ஊனங்கள்தான் உண்டு. 2016இல் அது இருபத்தொன்றாக விரிந்தபோதுதான் டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா போன்றவை ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற பெயரில் உள்ளே வந்தன. எழுத்துக் கூடாத, எண் கூடாத பிள்ளைகளுக்கும் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது. (அவர்களை இன்றைக்கும் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் போட்டு மூடிவிடும் பழக்கத்தைப் பற்றி எழுதினால் அதற்கே தனியாக ஒரு கட்டுரை வேண்டும்.)

சரி, ‘தங்குமிடம்’ வெறும் கோமாளித்தனம், அதை ஒதுக்கிவிடலாம். நான் சண்டை போட விரும்புவது ‘சலுகை’ என்ற சொல்லோடு. அது நாளிதழில் இருக்கிறது, சுற்றறிக்கையில் இருக்கிறது, தலைமையாசிரியர் வாயில் இருக்கிறது, பெற்றோர் வாயிலும் ஏறிவிட்டது. ‘பொதுத்தேர்வில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சலுகைகள்’ என்ற தலைப்பு இல்லாமல் தேர்வுக் காலம் கடப்பதே இல்லை. ‘சலுகை கோரும் விண்ணப்பம்’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், எல்லோரும் கொடுக்கிறார்கள்.

நாம் சலுகை என்று எதைச் சொல்கிறோம்? ஜவுளிக் கடையில் ஆடி மாதம் தருவது சலுகை. பேரனுக்கு மட்டும் ஆத்தா ரகசியமாக நீட்டும் காசு சலுகை. “ஒனக்கு ரொம்பச் சலுகை கொடுத்துட்டேன்” என்று அப்பா திட்டும்போது அதில் வருத்தம்தான் இருக்கிறது. சலுகை என்றால் கொடுப்பவர் மனம் வைத்துக் கொடுப்பது. மனம் மாறினால் நின்றுபோகும். 2020 மார்ச்சில் ரயிலில் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை நிறுத்தினார்களே, நம் ஊர்ப் பெரியவர்கள் முழுக் கட்டணம் கொடுத்துச் சேது எக்ஸ்பிரஸில் ஏறினார்கள். முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான். யாரும் இதைப் பாகுபாடு என்று வழக்காட முடியாது, ஏனென்றால் அது சலுகை.

இப்போது அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் பாருங்கள். பாகுபாடு என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், இந்த ‘ரீசனபிள் அக்காமடேஷ’னை மறுப்பதும் பாகுபாடே என்று எழுதியிருக்கிறது. மறுத்தால் குற்றம் என்று சட்டம் சொல்லும் ஒன்றுக்கு, மறுத்தாலும் பரவாயில்லை என்ற வாடை அடிக்கும் சொல்லை வைத்திருக்கிறோம். மொழிபெயர்த்தவர் பொருளைத் தலைகீழாக்கிவிட்டார் என்பேன். “மக்களுக்குப் புரியும் சொல்தானே சார்” என்பது இதற்கு வழக்கமான பதில். புரியத்தான் செய்கிறது, தப்பாகப் புரிகிறது.

தப்பாகப் புரிந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைவில் போக வேண்டாம். பாம்பன் பக்கம் கடலில் பாசி எடுக்கப் போகும் ஒரு தாய். மகன் பத்தாம் வகுப்பு. கச்சான் எப்போது திரும்பும், வாடை எப்போது பிடிக்கும், அந்தக் காற்றில் எந்த மீன் படும் என்று வாய் ஓயாமல் சொல்லுவான். தாளையும் பேனாவையும் கொடுத்தால் நாலு வரிக்கு அரை மணி நேரம். எழுத்தெல்லாம் இடம் மாறி நிற்கும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் அலைந்து திரிந்து மருத்துவ முகாமுக்கு அழைத்துப்போய்ச் சான்றிதழ் வாங்கி, சொல்வதை எழுதுபவருக்கு விண்ணப்பமும் தயார் செய்துவிட்டார். கையெழுத்துப் போட வந்த தாய் தயங்கி நின்றார். கை விரல்களில் பாறை கிழிக்காமலிருக்கக் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. “ஊருல கேக்குறாக டீச்சர். எங்க பிள்ளையளும் மூணு மணி நேரத்துலதான எழுதுது, ஒம் மவனுக்கு மட்டும் என்ன சலுகைன்னு. வேணாம்னு சொல்லிருவமா?” என்றார்.

அவருக்கு விதி தெரியாமல் இல்லை, மகனின் கஷ்டமும் தெரியும். தடுத்தது அந்தச் சொல். ‘சலுகை’ என்றதும் அடுத்த பிள்ளையின் பங்கிலிருந்து எதையோ பிடுங்கித் தன் பிள்ளைக்குக் கொடுப்பதாக அவருக்குப் பட்டது. கேட்கிற ஊருக்கும் அப்படித்தான் படுகிறது. படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல என்பதற்கு உச்ச நீதிமன்றத்தில் 2021 பிப்ரவரியில் முடிந்த விகாஷ் குமார் வழக்கு இருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் அவருக்கு. குடிமைப் பணித் தேர்வில் எழுத ஆள் கேட்டார். உங்கள் ஊனம் நாற்பது சதவீதம் இல்லை என்று தேர்வாணையம் மறுத்தது. நாற்பது சதவீதக் கணக்கு இடஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான், எழுத ஆள் தருவதற்கு அதை அளவுகோலாக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதலும் வந்தது. சலுகை என்று நினைப்பவன் தகுதி வரம்பைத் தேடுவான். தேவை என்று நினைப்பவன் பிள்ளையின் கையைப் பார்ப்பான்.

அடுத்த போட்டியாளர் ‘நியாயமான தகவமைப்பு’. இது படித்தவர்கள் செய்தது, பார்க்க அழகாகவும் இருக்கிறது. தனித்தமிழ் அன்பர்கள் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் தகவமைப்பு என்ற சொல்லை நாம் எல்லோரும் உயிரியல் பாடத்தில் படித்திருக்கிறோம். தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காட்டுக்குப் போனால் நேரில் பார்க்கலாம். அலையாத்திக் காட்டில் சேற்றுக்குள் காற்று கிடைக்காது. அதனால் மரம் வேரை மேல்நோக்கி நீட்டி மூச்சு விடுகிறது. அதுதான் தகவமைப்பு. சேறு அப்படியேதான் இருக்கும், மாறுவது மரம். பள்ளிக்கூடத்துக்கு இதைக் கொண்டுவந்தால், பள்ளி அப்படியே இருக்கும், பிள்ளை எப்படியாவது வேரை நீட்டி மூச்சு விட்டுக்கொள்ள வேண்டும் என்றாகிறது. காலங்காலமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தோம்? சட்டம் மாறச் சொல்வது சேற்றை. சொல் தூய்மையாக இருக்கிறது, யார் மாற வேண்டும் என்பதை மட்டும் மாற்றிச் சொல்கிறது.

‘நியாயமான’ என்பதும் எனக்கு ஒட்டவில்லை. நியாய விலைக் கடை என்கிறோம், நியாயமான கூலி என்கிறோம். அங்கே நியாயம் என்றால் அறம். இங்கே ‘ரீசனபிள்’ குறிப்பது அறத்தை அல்ல. தேவைக்குத் தகுந்தது, செய்பவரின் சக்திக்கும் மிஞ்சாதது என்பதையே. அதற்குத் ‘தக்க’ என்ற இரண்டெழுத்துச் சொல்... சரி, மூன்றெழுத்து, போதும்.

ஆக, நான் எழுதுவது ‘தக்க ஏற்பாடு’. ஏற்பாடு செய்பவர் யார் என்பதில் குழப்பம் இல்லை. கல்யாண வீட்டில் ஏற்பாடு செய்வது வீட்டுக்காரர்கள், விருந்தாளி அல்ல. ஏற்பாடு செய்யாமல் விட்டால் குற்றமும் வீட்டுக்காரர் மேல்தான். “ஏற்பாடு ரொம்பச் சாதாரணமான சொல், சட்டச் சொல்லின் கனம் இல்லை” என்று ஒரு மொழிபெயர்ப்பு நண்பர் முகம் சுளித்தார். தங்கச்சிமடத்துக் கிறிஸ்தவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்று வேதத்துக்கே அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே அதற்குப் பொருள் உடன்படிக்கை. இதைவிடக் கனம் எதற்கு?

பேச்சில் என்றால் எனக்குத் ‘தோது’ இன்னும் பிடிக்கும். “அவனுக்குத் தோதா செஞ்சு கொடுங்க” என்றால் இந்தக் கரையில் எந்த ஊரிலும் விளங்கும். லத்தீன்காரனின் ‘கொம்மொடு’ஸுக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு சொல் எனக்கு அகப்படவில்லை. அரசாணையில் ஏற மாட்டேன் என்கிறது, அதுதான் குறை. அந்தப் பாசி எடுக்கும் அம்மாவிடம் சிறப்பாசிரியர் கடைசியில் சொன்னதும் இதைத்தான்: “சலுகை இல்லக்கா, அவங் கைக்குத் தோதா பரீட்சைய மாத்துறோம். கேள்வி அதேதான், மார்க்கும் அதேதான்.” கையெழுத்து விழுந்தது.

ஒரு எச்சரிக்கை. பள்ளி வாசலில் சாய்தளம் கட்டுவதையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். சாய்தளம் யார் வந்தாலும் வராவிட்டாலும் முன்கூட்டியே இருக்க வேண்டியது; அதற்கு ‘அணுகல்’ என்று வேறு சொல் இருக்கிறது. தக்க ஏற்பாடு என்பது இந்தப் பிள்ளைக்கு, இந்தத் தேவைக்கு என்று கேட்டுச் செய்வது. ஒருவருக்குப் பெரிய எழுத்தில் வினாத்தாள், இன்னொருவருக்குத் தனி அறை. அதனால் ‘வசதி’ என்று பொதுவாக எழுதினாலும் பொருள் கரைந்துபோகும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று ‘கூடுதல் நேரம்’. மத்திய சமூகநீதி அமைச்சகம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டுதல் இதைப் பெயர் சொல்லியே திருத்தியது. ‘எக்ஸ்ட்ரா டைம்’ என்று சொல்லாதே, ‘காம்பன்சேட்டரி டைம்’ என்று சொல், அதுவும் மணிக்கு இருபது நிமிடத்துக்குக் குறையக் கூடாது. ஓர் அமைச்சகம் சொல்லுக்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறது, நம் தமிழ்ச் செய்திகளில் இன்றும் ‘ஒரு மணி நேரம் கூடுதல்’தான். ‘ஈட்டு நேரம்’ என்றால் முடிந்தது. எழுத முடியாமல் இழந்த நேரத்துக்கு ஈடு. ஈடு என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டாம், விபத்தில் படகு உடைந்தால் நாம் கேட்பதும் ஈடுதான்.

கடைசியாக, இருப்பதில் நல்லதையும் சொல்ல வேண்டும். ‘ஸ்கிரைப்’ என்பதற்கு நம் தேர்வுத் துறை ‘சொல்வதை எழுதுபவர்’ என்று எழுதுகிறது. நீளம்தான். சில புலவர்கள் இதைக் குறுக்கி ‘எழுத்தர்’ ஆக்கப் பார்க்கிறார்கள். எழுத்தர் தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர். மாணவன் சொல்லச் சொல்ல, தன் புத்தியைக் கலக்காமல் அப்படியே எழுதுபவர்தான் இங்கே வேண்டும். ‘சொல்வதை எழுதுபவர்’ என்ற பெயரிலேயே அந்த விதி இருக்கிறது. அதை யாரும் தொடாமல் விட்டுவைத்தால் போதும்.