ஆழ்நாட்டம்

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஏதோ ஒன்றின்மேல் உண்டாகும் தீராத ஈடுபாட்டை ஆங்கிலத்தில் ‘ஸ்பெஷல் இன்ட்ரஸ்ட்’ என்பார்கள். ‘இடையில் இருத்தல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையில் பிறந்த சொல் இன்ட்ரஸ்ட். வேலூர் கடைவீதியில் சொன்னால் முதலில் நகைக்கடன் வட்டிதான் நினைவுக்கு வரும்.

எங்கள் பக்கத்தில் இதற்குக் கைவசம் இருக்கும் சொல், கிறுக்கு. “எந்நேரமும் ட்ரெயினு ட்ரெயினுன்னுக்கினே கீறான்” என்று என் அக்கா மகனைச் சொல்வார்கள். கிரிக்கெட் கிறுக்கு என்றால் செல்லம். இவனைச் சொன்னால் அதுவே நோய்ப்பெயர் ஆகிவிடுகிறது.

தெரபிக்குப் போன இடத்தில் கொடுத்த தாளில் ‘கட்டுப்படுத்தப்பட்ட ஆர்வங்கள்’ என்று இருந்தது. “யாரு கட்டுப்படுத்தினது?” என்றாள் அக்கா. மனநலக் குறைபாடுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5இல் (2013) உள்ள ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்ற சொல்லை அப்படியே பெயர்த்த வினை. அங்கே பொருள் ‘குறுகிய’ என்பதுதான்.

என் பரிந்துரை ஆழ்நாட்டம். நாட்டம் என்றால் விருப்பம் மட்டுமல்ல, கண்ணும்தான். தொல்காப்பியத்தில் ‘நாட்டம் இரண்டும்’ என்றால் காதலர் பேசிக்கொள்ளும் கண்கள். நெற்றிக்கண் ‘நுதல்நாட்டம்’. பார்வை போய் ஊன்றும் இடமே விருப்பம் என்று இந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. ‘வெறி’ சரிவராது, அதில் பழி ஒட்டியிருக்கிறது. ‘சிறப்பு ஆர்வம்’ பள்ளிக்கூட விண்ணப்பம் மாதிரி இருக்கிறது.

நம் முகத்தை நிமிர்ந்து பார்க்காத பையன், காட்பாடி ஜங்ஷனில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும்போது லோகோவின், அதாவது இன்ஜினின், பக்கவாட்டு எழுத்தைப் பார்த்து, “ராயபுரம் ஷெட்டு, வேப்-செவன்” என்று அதன் பணிமனையையும் வகையையும் சொல்வான். விரல்கள் படபடக்கும். பள்ளியில் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு வந்த நாளிலும், அரை மணி நேரம் அங்கே நின்றால் தோள் இறங்கிவிடும். நடுவில் ஒருமுறை, படிப்பு கெடுகிறதென்று ரயில் பார்க்கப் போவதை நிறுத்திப் பார்த்தார்கள். ரயில் போனது, தூக்கமும் போனது.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களைப் பற்றி 2018இல் வந்த ஓர் ஆய்வு, விரும்பி ஈடுபடுவதற்கும் மனநலத்துக்கும் நல்ல தொடர்பைக் கண்டது. ஈடுபாட்டின் தீவிரம் மிக அதிகமானவர்களிடம் அது தலைகீழாக இருந்தது. அதனால் சோற்று நேரத்தில் மட்டும் ரயில் கூடாது என்று அக்கா கறார்.

இப்போது படிவங்களில் ‘ரயிலில் ஆழ்நாட்டம்’ என்றே அவள் எழுதுகிறாள். எட்டிப் பார்த்த பையன் திருத்தினான்: “ட்ரெயின் இல்லம்மா. லோகோ.”