இரவுவான அகலப்படத்துக்கு விளக்கு வேண்டாம்

மாசி மாதப் பின்னிரவில், மன்னார் வளைகுடாவைப் பார்த்த ராமநாதபுரம் மாவட்டக் கரைகளில் நின்றால், பால்வெளி தென்கிழக்குக் கடலுக்கு மேல் தாழ்ந்த வளைவாகத் தெரியும். ஆனி, ஆடியில் அது உச்சிக்கு ஏறிவிடுவதால் அகலப்படத்துக்கு (பனோரமா, அதாவது பல படங்களை ஒட்டி ஆக்கும் ஒரே அகலமான படம்) பல வரிசைகளாகப் படமெடுத்து ஒட்ட வேண்டும். மாசியில் ஒரே வரிசை போதும். ஆகவே அகலப்படம் எடுப்பவர்களுக்கு அந்த அமாவாசை இரவுகள் மிக உகந்தவை. பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி எனப்படும் கடலாமைகள்) முட்டையிடக் கரையேறும் பருவமும் அதுவே.

முன்னால் கிடக்கும் நாட்டுப்படகோ இடிந்த சுவரோ படத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று எல்இடி விளக்கைப் பொருத்தி வைப்பவர்கள் இருக்கிறார்கள். வெளிச்சத்தைக் கண்ட தாய் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும். 45 முதல் 60 நாள்களில் வெளிவரும் குஞ்சுகளோ, வெளுத்துத் தெரியும் அடிவானம் இருக்கும் பக்கமே கடல் என்று கொண்டு நகர்பவை ஆதலால், விளக்கை நோக்கி ஊர்ந்து நாய்க்கும் நண்டுக்கும் இரையாகின்றன.

அகலப்படத்துக்கு அந்த விளக்கு தேவையே இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஃபுல் ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார் கொண்ட) கேமராவில் 20 மி.மீ. லென்ஸைப் பொருத்திச் செங்குத்தாக நிறுத்தி, டிரைபாடின் மட்டத்தைச் சரிபார்த்து, லென்ஸ் திறப்பு எஃப்/2, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 3200, எக்ஸ்போஷர் (ஒளி விழும் நேரம்) 15 விநாடி என்று எல்லாவற்றையும் மேனுவலில் வைத்து, 30 பாகைக்கு ஒன்றாக 7 படங்கள் எடுத்தால் வளைவு முழுவதும் அடங்கிவிடும். வானம் 4 நிமிடத்துக்கு 1 பாகை நகர்வதால், இந்தச் சுற்றை இடைவெளியின்றி முடித்துவிட வேண்டும். அதன் பிறகு, அதே கோணங்களில் தரைக்காக மட்டும் 2 நிமிட எக்ஸ்போஷரில் இன்னொரு சுற்று எடுங்கள். வானிலிருந்து வரும் வெளிச்சமே மணலையும் படகையும் காட்டப் போதுமானது. அலைகளும் கலைந்து ஒரே பரப்பாகிவிடுவதால், கடலில் ஒட்டிய இடம் தெரிவதில்லை. விளக்கு தரும் தட்டையான வெளிச்சத்தைவிட இது எனக்கு எவ்வளவோ அழகு.

கேமராத் திரையின் வெளிச்சத்தை முற்றிலும் குறைத்துக்கொள்ளுங்கள். நடப்பதற்கு மங்கிய சிவப்பு டார்ச் போதும், அதுவும் காலடியை நோக்கியே இருக்கட்டும். தனுஷ்கோடியில் மாலைக்குப் பின் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. வேறு கரைகளுக்குச் செல்வதாயினும் காவல் நிலையத்திலும் வனத்துறையிலும் முன்கூட்டியே கேட்டு, ஆமைகள் எந்தப் பகுதியில் ஏறுகின்றன என்பதை அவ்வூர் மீனவர்களிடம் அறிந்து, அங்கிருந்து விலகியே டிரைபாடை வையுங்கள்.